மேற்கத்திய இசை தெரியாத அம்மா அப்பாவை அமெரிக்காவின் சான் டியாகோ நகரத்தில் இருக்கும் பால்போவா பூங்காவின் ஆர்கன் அரங்கத்துக்கு அழைத்துப் போகலாமா?

தாராளமாக அழைத்துப் போங்கள், ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் 2 மணிக்குப் போங்கள், அப்போதுதான் கச்சேரி. ஆர்கன் என்பது கட்டைகளை அழுத்தினால் காற்று பாய்ந்து குழாய்கள் ஒலிக்கும் பெரிய வாத்தியம். நான் முதல் தடவை போனது ஒரு ஞாயிறு மாலை நாலு மணிக்கு. கச்சேரி முடிந்து மேடையின் பெரிய இரும்பு ஷட்டரை இறக்கிவிட்டிருந்தார்கள். அழகான வளைவும் தூண் வரிசையும் காலி பெஞ்சுகளும் பார்த்துவிட்டுத் திரும்பினேன். வாசிக்காத நேரத்தில் அங்கே பார்க்க அவ்வளவுதான், அதனால்தான் நேரத்தை முதலில் சொல்கிறேன்.

அடுத்த வருஷம் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். அம்மாவுக்குத் தெரிந்த மேற்கத்திய இசை என்று எதுவும் கிடையாது, ஆனால் மார்கழி பஜனையில் இருபது வருஷம் ஆர்மோனியம் வாசித்தவர். நாங்கள் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஷட்டர் மெதுவாக மேலே ஏற, உள்ளே பொன் நிறக் குழாய்கள் வரிசையாகத் தெரிந்தன. வாசிப்பவர் நமக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறார், ஆனால் அதில்தான் வசதி: அடுக்கடுக்கான கட்டைகள் மேல் கை தாவுவதும், கீழே மரக்கட்டைகளைக் கால் மிதிப்பதும் தெளிவாகத் தெரியும். கால்களும் தனியாக ஒரு சுரவரிசை வாசிக்கின்றன என்பது புரிந்ததும் அம்மா முன்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

பத்து நிமிஷம் கழித்து என்னிடம் கேட்டது, "இது நம்ம ஆர்மோனியப் பெட்டிதானேடா, இதுக்கு யாரு துருத்தி போடுறா?" சரியான கேள்வி. ஆர்மோனியத்தில் இடது கை செய்கிற வேலையை இங்கே மோட்டார் செய்கிறது. காற்று நிரம்பி நிற்கும் அறைக்குள் ஆளே நடந்து போகலாம், அவ்வளவு பெரியது. குழாய்கள் 5,000-க்கும் மேல். மிகப் பெரியது 32 அடி, மிகச் சின்னது பென்சில் அளவு. அந்தப் பெரிய குழாயின் மந்திர சுரம் காதுக்குக் கேட்பதற்கு முன்னால் பெஞ்சில் அதிர்வாகத் தெரிகிறது. அம்மா உள்ளங்கையைப் பெஞ்சில் வைத்துப் பார்த்தார், அப்புறம் கச்சேரி முடியும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.

திறந்தவெளியில் இவ்வளவு பெரிய ஆர்கனை வைப்பது சாதாரண விஷயம் இல்லை. வெயில் ஏறினால் காற்று சூடாகி, புல்லாங்குழல் மாதிரி ஊதும் குழாய்களின் சுருதி மேலே போய்விடும், ஆர்மோனியம் போல நாக்கு வைத்த குழாய்கள் அதே அளவு நகராது, இரண்டும் ஒன்றுக்கொன்று சேராமல் போகும். சான் டியாகோவின் மிதமான பருவநிலையில்தான் இது நூறு வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கிறது. குழாய்களில் வெயில் படாமல் இருக்க மேடையை வடக்கு பார்த்துக் கட்டியிருக்கிறார்கள், ஆகவே வெயில் நம் முகத்தில்தான் அடிக்கும். பெரியவர்களுக்குத் தொப்பியும் தண்ணீரும் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜான், அடால்ஃப் ஸ்ப்ரெக்கெல்ஸ் என்ற சகோதரர்கள், சர்க்கரை வியாபாரத்தில் பெரும் பணம் சேர்த்த குடும்பம், 1914 டிசம்பர் 31 அன்று இதை மக்களுக்குக் கொடுத்தார்கள். மறுநாள், 1915 ஜனவரி 1, பனாமா கால்வாய் திறந்ததைக் கொண்டாடும் கண்காட்சி இதே பூங்காவில் தொடங்கியது. கண்காட்சிக்காக எழுப்பிய எத்தனையோ கட்டடங்கள் போய்விட்டன, இது வாசித்துக்கொண்டே இருக்கிறது. நகரத்துக்கென்றே ஓர் ஆர்கன் கலைஞரை நியமிக்கும் வழக்கமும் அப்போதிருந்து வருகிறது, முதலில் இருந்தவர் ஹம்ஃப்ரி ஸ்டூவர்ட். ஞாயிறு கச்சேரிக்கு இன்றைக்கும் டிக்கெட் கிடையாது, யாரும் உங்களை எதுவும் கேட்கமாட்டார்கள், 2,000 பேருக்கு மேல் உட்கார இடம் இருக்கிறது. நம் கோயில் மண்டபத்தில் நாகஸ்வரம் கேட்க யார் வேண்டுமானாலும் தூணோரம் உட்காரலாம் இல்லையா, அந்த உரிமையோடு போய் உட்காரலாம். இதுதான் எனக்கு அந்த இடத்தில் மிகவும் பிடித்த விஷயம்.

விமானங்கள் பூங்காவுக்கு மேலேதான் தாழ இறங்கும், நடுவில் சத்தம் வரும், பொருட்படுத்தாதீர்கள். நாய்களைக் கூட்டி வருவார்கள், குழந்தைகள் ஓடும், அதனால் பேரப்பிள்ளைகள் இருந்தாலும் கூச்சமில்லாமல் போகலாம். கச்சேரி ஒரு மணி நேரம்தான். கோடையில் திங்கட்கிழமை மாலைகளிலும் ஆர்கன் விழா நடக்கும், வெளிநாட்டுக் கலைஞர்கள் வருவார்கள், வெயில் தொல்லை இல்லை, ஆனால் இருட்டியதும் குளிரும், பெரியவர்களுக்கு ஸ்வெட்டர் வேண்டும்.

ஒன்றரை மணிக்கே போய் நடு வரிசையில் உட்காருங்கள். ரொம்ப முன்னால் வேண்டாம், பாதி தூரத்தில்தான் எல்லாக் குழாய்களின் ஒலியும் சேர்ந்து வருகிறது. அம்மா தங்கியிருந்த மூன்று மாதத்தில் ஏழு ஞாயிறு போனோம், இடத்தைத் தேர்ந்தெடுத்தது அம்மாதான்.