குருமாணவருக்குக் கொடுப்பது எப்படி? – கடிதமும் பதிலும்

மதிப்புக்குரிய ஐயா,

எங்கள் பங்கைச் (கோயில் சமூகத்தை) சேர்ந்த இரு இளைஞர்கள், கத்தோலிக்கக் குருக்களை உருவாக்கும் அம்பிட்டிய தேசிய குருமடத்தில் பயில்கின்றனர். வறியோருக்கு உதவும் எமது வின்சென்ட் டி பவுல் சபையினர் மாதந்தோறும் ஒரு தொகை சேர்த்து அவர்கள் கையிலேயே கொடுக்க விரும்புகின்றனர். இது முறையா?

– வாசகர், கொட்டாஞ்சேனை

அன்புள்ள சகோதரருக்கு,

எண்ணம் நல்லது, கையில் கொடுப்பதை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். ஒரே மேசையில் உண்பவர்களுள் கொழும்பு மாணவரிடம் காசு புழங்க, தோட்டத்து லயத்திலிருந்து வந்தவர் வெறுங்கையோடு இருந்தால், குருமடம் கற்பிக்க முயலும் எளிமை அங்கேயே பழுதுபடும். குருமட அதிபரிடம் சேர்ப்பித்தால், தேவை எங்குள்ளதோ அங்கு அது போய்ச்சேரும்.

1889இல், பணமின்மையால் குருத்துவ மாணவர்களைச் சேர்க்க இயலவில்லை என்று நாகசாகி ஆயர் எழுதிய கடிதத்தைக் கண்டு, பிரான்சின் கான் நகரில் ஸ்டெஃபனி பிகார் என்ற பெண்ணும் அவருடைய மகளும் தொடங்கிய முயற்சியே, 1922 முதல் பாப்பிறை (திருத்தந்தையின்) அமைப்பாக விளங்கும் புனித பேதுரு பணி. தம் உதவியால் யார் குருவாவார் என்று தெரிந்துகொண்டா அவர்கள் கொடுத்தார்கள்?

இதைச் சொல்லக் காரணம் உண்டு. திருச்சபைச் சட்டப்படி மெய்யியலுக்கும் இறையியலுக்கும் மட்டுமே குறைந்தது ஆறு முழு ஆண்டுகள் செல்லும். குருவாகும் அழைத்தல் தமக்கு உரியதுதானா என்று மாணவரும் உருவாக்குநரும் தேர்ந்து தெளியும் காலமும் அதுவே. ஆனால் நாமோ முதலாம் ஆண்டிலேயே ‘எங்கள் சாமி’ என்று அழைக்கத் தொடங்கிவிடுகிறோம். (பதாகை அடிக்காததுதான் குறை.) நான்காம் ஆண்டில் ஒருவர் நேர்மையோடு திரும்பிவர முடிவெடுத்தால், சபை செலவழித்த பணமும் சந்தியில் நிற்போரின் பார்வையும் அவரைத் தடுக்குமாயின், நாம் கொடுத்தது உதவியன்று, கடன். ஆகவே, தொகையைச் சேர்க்கத் தொடங்குமுன்பே, இதற்குக் கைம்மாறு எதுவும் எதிர்பார்க்கவில்லை என்பதை அக்குடும்பங்களிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

பணத்தைவிட அரிதான உதவிகளும் உங்களிடம் உள்ளன. கொழும்பில் பணிசெய்யும் குருவுக்குத் தமிழும் சிங்களமும் வேண்டும். உங்கள் பங்கில் ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியர் ஒருவரேனும் இருப்பார். மூத்த பிள்ளையைக் குருமடத்துக்கு அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் பெற்றோரின் மருந்துச் செலவை விசாரிப்பதும், மகன் மனத்திலுள்ள பாரத்தைக் குறைக்கும்.

விடுமுறைக்கு அவர்கள் வரும்போது, சபையினர் வறியோர் வீடுகளுக்குச் செல்லும் நாளில் அவ்விருவரையும் உடன் அழைத்துச்செல்லப் பங்குத்தந்தையிடம் அனுமதி கேளுங்கள். அங்கே விருந்தினராக அல்லாமல், அரிசிப் பையைச் சுமப்பவர்களாக அவர்கள் வரட்டும்.