சுபாவமா நோயா? மகனின் நித்திரையைப் பாருங்கள்

கேள்வி: மகனுக்கு 16 வயது. சின்னதிலிருந்தே ஓயாத கதை, ஆயிரம் திட்டம். இணையத்தில் ஒரு சோதனை செய்ததில் 'ஹைப்போமேனிக் ஆளுமை' என்று வந்தது. ஒரு கவுன்சிலர் பத்துத் தடவைக்கு முற்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? – ஒரு தாய், கோண்டாவில்

பதில்: கொடுக்க வேண்டாம், அம்மா.

ஹைப்போமேனிக் என்றால் வழமைக்கு மீறிய உற்சாகமும் துடிப்பும். அதை அளக்கும் கேள்வித்தாள்கள் நோயைக் கண்டுபிடிப்பவை அல்ல. இவற்றுள் பேர்பெற்றது 1986இல் எக்பிளாட், சாப்மன் என்ற உளவியலாளர்கள் ஆய்வுக்காக உருவாக்கிய 48 கேள்விகள். அதில் புள்ளி கூடினவர்களுக்குப் பின்னாளில் பைபோலர் (மிதமிஞ்சிய உற்சாகமும் கடும் சோர்வும் மாறிமாறி வரும் நோய்) வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூட என்பது உண்மை. ஆனால் அவர்களிலும் பெரும்பாலானோருக்கு அது வருவதில்லை.

சின்னதிலிருந்தே அப்படி என்றால் அது சுபாவம். நாங்கள் தேடுவது மாற்றத்தை: குறைந்தது 4 நாட்கள் தொடர்ந்து, பார்க்கிறவர்களுக்கே "இவன் வழமையான ஆள் இல்லையே" என்று படவேண்டும். போன் பார்த்து விழித்திருந்து, மறுநாள் ரியூசனில் தூங்கி விழுகிற பிள்ளை வேறு. மூன்று மணித்தியாலம் படுத்தெழும்பி, களைப்பே இல்லாமல், விடியமுன் சைக்கிளை முழுக்கக் கழற்றிப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குத் தாவுகிறவன் வேறு. இரண்டாமவனைக் கட்டாயம் காட்டவேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். மனச்சோர்வு என்று யாராவது மாத்திரை கொடுத்து, அதற்குப் பிறகு இப்படி மாறினால், மாத்திரையே தூண்டியிருக்கலாம். உறவினர் சொல்லி பார்மசியில் வாங்கியதும் இதில் சேர்த்தி. நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள், மாத்திரை அட்டையோடு.

பாடசாலையில் ஆலோசனைக்கென்று ஓர் ஆசிரியரைப் போட்டுவிட்டு, அவர் தலையிலேயே முழுப் பாடவேளையையும் கட்டினால் பிள்ளை யாரிடம் போவது? அந்த இடைவெளியில்தான் சில வாரப் படிப்புச் சான்றிதழைச் சுவரில் மாட்டியவர்கள் கடை விரிக்கிறார்கள். முற்பணம் கேட்பவரிடம் என்ன தகுதி, எங்கே பதிவு என்று கேளுங்கள். மழுப்பினால் எழும்பி வாருங்கள்.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் மனநலப் பிரிவுகள் உண்டு, காசில்லை. தொலைபேசியில் கேட்க மனநல உதவி இலக்கம் 1926. இல்லாத குரல் கேட்கிறது என்றாலோ, சாவைப் பற்றிக் கதைத்தாலோ கிளினிக் நாளுக்குக் காத்திராமல் உடனே கொண்டுபோங்கள். மற்றபடி, இரண்டு வாரம் படுத்த நேரம், எழும்பிய நேரத்தை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். அங்கே கிடைக்கிற நேரம் கொஞ்சம். கலியாணப் பேச்சுக்குப் பயந்து மறைத்துவைத்த சித்தப்பா, மாமாவின் மனநோய் ஏதும் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.