ஓவியம் படிக்க விமானம் ஏறத்தான் வேண்டுமா?

கேள்வி: என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப்போகிறாள். ஓவியம்தான் படிப்பேன், அதுவும் ஐரோப்பாவில்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். ஓர் ஆலோசனை மையத்துக்கு அழைத்துப் போனேன். வெளிநாட்டில் கலை படித்தால் படைப்பாற்றல் பெருகும், தன்னைத்தானே கண்டுகொள்வாள் என்று வழவழத்தாளில் அச்சடித்துக் கொடுத்தார்கள். உண்மையா? கடன் வாங்கி அனுப்பலாமா?
– ஒரு தந்தை, அம்பத்தூர்

பதில்: அந்த வழவழத்தாள் வகையறா என் மேசைக்கும் வந்திருக்கிறது. ஈபிள் கோபுரத்தடியில் ஒரு பெண் ஸ்கெட்ச் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சிரிப்பாள். 'தன்னைக் கண்டறிதல்' பக்கத்துக்குப் பக்கம் வரும். கட்டணம் மட்டும் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், ஒரே ஒரு முறை வரும்.

ஆனால் அவர்கள் சொல்வதை முழுப் பொய் என்று தள்ளவும் முடியவில்லை. அதுதான் சங்கடம்.

ஓவியர் அம்ரிதா ஷெர்கில் 1929இல், பதினாறு வயதில், பாரிஸுக்கு ஓவியம் படிக்கப் போனார். ஐந்தாண்டு எண்ணெய் வண்ணத்தில் மேலை முறையை முறையாகப் பயின்றார். ஊர் திரும்பும் ஆண்டில் பெற்றோருக்குக் கடிதம் எழுதினார். ஐரோப்பாவுக்கு வந்திராவிட்டால் அஜந்தாவின் ஒரு சுவரோவியம், பாரிஸில் உள்ள கிமே அருங்காட்சியகத்தின் ஒரு சிறு இந்தியச் சிற்பம், இவற்றின் பெறுமதி தனக்குத் தெரியாமலே போயிருக்கும் என்பது அதன் சாரம். 1937இல் அவர் தெற்கே வந்தார். சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தாரையும் திறந்த மார்போடு உட்கார்ந்திருக்கும் பிரம்மச்சாரிகளையும் அவர் வரைந்தது அதற்குப் பிறகுதான்.

நம் ஊர்க் கதையும் இருக்கிறது. கே.சி.எஸ். பணிக்கர் 1954இல் லண்டனுக்கும் பாரிஸுக்கும் போனபோது நாற்பதைத் தாண்டியவர், சென்னை ஓவியப் பள்ளியில் ஆசிரியர். போய் வந்தவர் அடுத்த பத்தாண்டில் எதை வரைந்தார் தெரியுமா? ஜாதகக் கட்டங்களை. கட்டமும் கிறுக்கிய எழுத்தும் குறியீடுமாக ஓவியத்துணி முழுக்க நிரப்பினார். 1966இல் இஞ்சம்பாக்கத்துக் கடலோரத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்ததும் அவர் முயற்சியில்தான்.

எனக்குத் தெரிந்த வேளச்சேரிப் பெண் ஒருத்தி ஜெர்மனியில் படிக்கப் போனாள். முதல் பருவத்தில் பேராசிரியர் கொடுத்த பயிற்சி, 'உன் வீட்டில் தினமும் கைபடும் ஒரு பொருளை நினைவிலிருந்து வரை' என்பது. அரிவாள்மனையைத் தேர்ந்தெடுத்தாள். பலகை வந்துவிட்டது. அதற்கு மேல் கை ஓடவில்லை. அலகு உட்காருபவர் பக்கம் வளையுமா, எதிர்ப்பக்கமா? நுனியில் தேங்காய் துருவும் பல் எந்தக் கோணத்தில் நிற்கும்? பதினெட்டு வருடம் அதன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவளுக்குத் தெரியவில்லை. இங்கே நள்ளிரவு. அம்மாவை எழுப்பினாள். அம்மா வாயால் பதில் சொல்லவில்லை. செல்போனைத் தூக்கிக்கொண்டு போய் அடுக்களையில் அரிவாள்மனைக்கு நேரே பிடித்தார், தூக்கக் கலக்கத்தில் கொஞ்சம் திட்டியபடியே. அந்த ஒரு படத்துக்காகவே அவள் அங்கே போனது தகும் என்பேன். அதை இங்கேயே வரைந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். வரைந்திருக்கலாம். கேட்க ஆள் இல்லை.

வெளிநாட்டுக் கலைப்பள்ளி கொடுக்கிற சரக்கு இவ்வளவுதான்: பழகிய பொருளைத் தூரத்தில் நிறுத்திக் காட்டுகிறது. அப்படி நிறுத்திப் பார்க்க, இங்கிருந்து போகும்போது மனத்தில் ஏதாவது இருக்க வேண்டும். ஒன்றும் இல்லாமல் போகிறவர்கள் பாரிஸில் உட்கார்ந்து, பாரிஸ் பற்றிய சுவரொட்டியை வரைந்துகொண்டு வருகிறார்கள். இத்தகைய ஓவியக் கோப்புகள் மாதம் இரண்டாவது இந்த அலுவலகத்துக்கு வருகின்றன. குடை, மழை, தெருவிளக்கு. எல்லாம் அழகாக இருக்கும். எதை யார் வரைந்தார் என்றுதான் தெரியாது.

ஆகவே உங்கள் மகளிடம் ஒரு கேள்வி. எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத்திருமேனிக் கூடத்தில் அவள் அரை மணி நேரம் நின்றிருக்கிறாளா? பள்ளிச் சுற்றுலாவில் வரிசையாக ஓடியதைக் கேட்கவில்லை. அங்குள்ள நடராசர் திருமேனிகளின் புகைப்படங்களைப் பார்த்தே பிரெஞ்சுச் சிற்பி ரோதான் சிவதாண்டவம் பற்றி உருகி எழுதினார். அவர் 1917இல் இறந்த பிறகு, 1921இல் அது அச்சானது. பாரிஸ்காரர் படத்தைப் பார்த்தே சொக்கிப்போன சிலை நமக்கு மின்சார ரயில் தூரத்தில் இருக்கிறது.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில், பெரியமேட்டில், அரசு கவின்கலைக் கல்லூரி. அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850இல் தொடங்கியது. மெரினாவின் உழைப்பாளர் சிலையைச் செய்த ராய் சவுத்ரி முதல்வராக இருந்த இடம். கடல் தாண்டிப் படிக்காத ஓவியர் ஆதிமூலம் கோடு போடப் பழகியதும் அங்கேதான். இளங்கலையை அங்கே முடித்துவிட்டு, முதுகலைக்கு வெளியே போகட்டும் என்பது என் கட்சி. பதினேழு வயதில் போவதைவிட இருபத்திரண்டில் போனால் ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் ஏதாவது இருக்கும்.

இப்போதே போயாக வேண்டும் என்றால் கணக்கையும் கேளுங்கள். ஜெர்மனியின் பெரும்பாலான அரசுக் கலைக்கல்லூரிகளில் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் விசாவுக்கு ஓராண்டுச் செலவை முடக்கக் கணக்கில், அதாவது மாதாமாதம் ஓர் அளவுக்குமேல் எடுக்க முடியாத வங்கிக் கணக்கில், போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அந்தத் தொகை 11,904 யூரோ ஆனது, அதாவது பத்து லட்ச ரூபாய்க்கு மேல். பன்னிரண்டாம் வகுப்பு மட்டும் போதுமா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஆலோசகரிடம் கேட்காமல் கல்லூரிக்கே நேராக எழுதிக் கேளுங்கள். மொழி கற்க நுங்கம்பாக்கம் போதும், ஜெர்மனுக்கும் பிரெஞ்சுக்கும் அங்கேயே இடம் இருக்கிறது.

வீட்டை அடமானம் வைப்பது பற்றி இந்த மாதம் யோசிக்க வேண்டாம். முதலில் ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் கொடுத்து எழும்பூருக்கு அனுப்புங்கள், முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்று அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.