பொருளியல் ஆசிரியர்களுக்கு நடத்தும் மூன்று நாள் உண்டு உறைவிடப் பயிற்சியால் பயன் உண்டா? இரவு தங்காமல் போய்வர முடியுமா?

நீங்கள் பணியில் சேர்ந்து இரண்டு மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருக்கும். வீட்டில் சிறு குழந்தை இருக்கும். கேள்வியின் இரண்டாம் பாதிதான் உண்மையான கேள்வி, முதல் பாதி மரியாதைக்குப் போட்டது என்று நினைக்கிறேன். தவறில்லை. முதல் அழைப்பாணை கையில் வந்தபோது நானும் அதைத்தான் யோசித்தேன்.

அரசு மேல்நிலைப் பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பொருளியல் நடத்துகிறேன். இதுவரை ஐந்து பயிற்சிகளுக்குப் போயிருக்கிறேன். பகல் அமர்வுகளைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டதெல்லாம் உண்மை. புத்தகத்தில் இருப்பதையே கருத்தாளர் திரையில் போட்டு வாசிப்பார். முன்தேர்வு, பின்தேர்வு, பதினொரு மணிக்குத் தேநீரும் சுண்டலும். கடைசி நாள் பின்னூட்டப் படிவத்தில் எல்லா வரியிலும் 'மிக நன்று' என்று குறித்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவோம்.

ஒரே ஒரு பகல் அமர்வு நினைவில் நிற்கிறது. ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் எங்களில் பாதிப்பேரை விற்பவர்களாகவும் பாதிப்பேரை வாங்குபவர்களாகவும் பிரித்து ஆளுக்கொரு சீட்டு கொடுத்தார். சீட்டுக்குச் சீட்டு விலை வேறு. என் சீட்டில் 'தக்காளி ஒரு கிலோ, அடக்கவிலை 30 ரூபாய்' என்று இருந்தது. அதற்குக் கீழே விற்கக் கூடாது, சீட்டை யாருக்கும் காட்டக் கூடாது, அவ்வளவுதான் விதி. முதல் சுற்றில் ஒருவர் 28க்கு விற்றார், இன்னொருவர் 55க்கு விற்றார். மூன்றாம் சுற்றில் எல்லாப் பேரமும் 40ஐ ஒட்டி வந்துவிட்டது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. இத்தகைய சோதனைகளை வளர்த்தெடுத்ததற்காகத்தான் அமெரிக்கப் பொருளியலாளர் வெர்னன் ஸ்மித்துக்கு 2002இல் நோபல் பரிசு கொடுத்தார்கள் என்று பிறகு சொன்னார். சமநிலை விலையை இன்றும் என் வகுப்பில் அந்தச் சீட்டுகளோடுதான் தொடங்குகிறேன்.

ஆனால் நான் இங்கே எழுத வந்தது அதற்காக இல்லை.

2018இல் பதினொன்றாம் வகுப்புக்குப் புதிய பாடநூல் வந்தது. கடைசிப் பாடம் பொருளியலுக்கான கணித முறைகள்: வகையீடு, தொகையீடு, அணிகள். எனக்கு வகையீடு, அதாவது ஒன்று மாறும்போது இன்னொன்று எந்த வேகத்தில் மாறுகிறது என்று பார்க்கும் கணக்கு, தெரியாது. 'தெரியாமல் எப்படி முதுகலை ஆசிரியர் ஆனீர்கள்' என்று கேட்க இந்தப் பதிலுக்குக் கீழே ஒருவர் வருவார். வரட்டும். நான் எம்.ஏ. படித்த காலத்தில் அட்டவணையும் வரைபடமும் போதும். போட்டித் தேர்வு எழுதித்தான் வேலைக்கு வந்தேன், யாருடைய சிபாரிசிலும் இல்லை. கணித ஆசிரியரிடம் கேட்டிருக்கலாம் என்பீர்கள். கேட்டால் மதிய உணவுக்குள் ஆசிரியர் அறை முழுக்கத் தெரிந்திருக்கும். அந்த ஆண்டு பிள்ளைகளிடம் 'இதிலிருந்து பெரிதாக ஒன்றும் வராது' என்று சொல்லிப் பாடத்தைக் கடந்துவிட்டேன். சொன்னது பொய். அது இன்றும் உறுத்துகிறது.

அடுத்து வந்த பயிற்சி ஊருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரி விடுதியில். அறைக்கு நான்கு பேர். என் பக்கத்துக் கட்டிலில் வேறு மாவட்டத்திலிருந்து வந்த சின்னப் பெண், பணியில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை. மற்ற இருவரும் தூங்கிய பிறகு, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டுவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. மறுநாளைய நிகழ்ச்சி நிரல் தாளைத் திருப்பி, மொத்தச் செலவு = 100 + 10உ + 2உ² என்று எழுதினாள். உ என்றால் உற்பத்தி அளவு.

"நீங்கள் எப்போதும் நடத்துகிற முறையிலேயே இறுதிநிலைச் செலவு போடுங்கள் அக்கா" என்றாள். கூடுதலாக ஓர் அலகு செய்ய ஆகும் செலவுதான் அது. ஐந்து அலகுக்கு 200, ஆறுக்கு 232. வித்தியாசம் 32. அடுத்து அவள் முறையில், வகையீட்டில், போட்டாள்: அடுக்கில் உள்ள 2 முன்னால் வந்து பெருக்கும், அடுக்கில் ஒன்று குறையும், தனியாக நிற்கும் 100 போய்விடும். 10 + 4உ. ஐந்தில் 30 வந்தது, ஆறில் 34 வந்தது. "எது சரி?" என்று கேட்டேன். என் 32 எங்கே போயிற்று என்று உண்மையிலேயே பதறினேன். "அட்டவணை ஐந்திலிருந்து ஆறுக்கு ஒரே தாண்டாகத் தாண்டுகிறது அக்கா. இது நிற்கிற இடத்தில் மட்டும் சரிவைப் பார்க்கிறது. ஐந்தரையில் போட்டுப் பாருங்கள்." போட்டேன். 32.

மணி பன்னிரண்டரை இருக்கும். இத்தனை ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிய அட்டவணை என்ன செய்துகொண்டிருந்தது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

தமிழுக்கும் கணிதத்துக்கும் ஒரு பள்ளியில் நான்கைந்து பேர் இருப்பார்கள். நான் வேலை பார்த்த மூன்று பள்ளிகளிலும் பொருளியலுக்கு நான் ஒருத்திதான். சந்தேகம் கேட்க ஆள் கிடையாது. மற்றவர்களுக்கோ பொருளியலும் கணக்குப்பதிவியலும் ஒன்று. பிப்ரவரி வந்தால் வருமான வரிப் படிவங்களோடு என் மேசை முன் வரிசையில் நிற்பார்கள். 'பழைய முறையா புதிய முறையா, வரிக்கழிவுக்கான சேமிப்பு ஒன்றரை லட்சம் நிரம்பிவிட்டதா, கொஞ்சம் பாருங்கள் டீச்சர்.' பெற்றோர் ஆசிரியர் கழகக் கணக்கும் என் தலையில்தான். தாவரவியல் ஆசிரியரிடம் பள்ளித் தோட்டத்துக்குக் களை பறிக்கச் சொல்வார்களா? கேட்டால் 'உங்களுக்குத்தானே பணத்தைப் பற்றித் தெரியும்' என்கிறார்கள். சரி, அது வேறு கதை.

இந்தப் பயிற்சிகள் மக்கள் வரிப்பணத்தில் சுற்றுலா என்று சொல்பவர்களுக்கு ஒன்று. எட்டு அறைக்கு இரண்டு குளியலறை, காலை ஆறு மணிக்குள் தண்ணீர் தீர்ந்துவிடும். அந்தப் பயிற்சிக்கான பயணப்படியும் ஏழு மாதம் கழித்துத்தான் வந்தது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். குழந்தை மிகச் சிறியது என்றால் முதல் நாளே ஒருங்கிணைப்பாளரிடம் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். நான் போன இடங்களில் அப்படிக் கேட்டவர்களை மாலையில் அனுப்பினார்கள். முடிந்தால் ஓர் இரவாவது தங்குங்கள். போர்வை, கொசுவர்த்தி, அலமாரிக்கு ஒரு பூட்டு கொண்டுபோங்கள். ஒரு வாளியும் எடுத்துக்கொண்டால் முந்தைய இரவே தண்ணீர் பிடித்து வைத்துவிடலாம்.