ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேலைக்கு வர்றவங்களுக்கு: கேள்வி பதில்

தென்மாவட்டங்கள்லேருந்து புதுசா வேலைக்கு வர்றவங்களும், சேர்ந்து ஒரு மாசம்கூட ஆகாதவங்களும் கேட்டது.

சாத்தூர்: அண்ணே, அடுத்த வாரம் ஜாயினிங். என்னென்ன கொண்டு வரணும்?

துணிமணியை விட பேப்பர்தான் முக்கியம் தம்பி. ஆதார், பான், பாஸ்புக், மார்க்‌ஷீட், ஐடிஐ அல்லது டிப்ளமோ சான்றிதழ், எல்லாம் நாலு நாலு நகல். போட்டோ பத்து. அசலைக் காட்டிட்டு அங்கேயே திரும்ப வாங்கிடுங்க. "ஒரு வருஷம் எங்ககிட்ட இருக்கட்டும்"னு யார் சொன்னாலும் கொடுக்காதீங்க.

ஊரை விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடி ஆதாரை ஒரு தடவை பாருங்க. ஆதாரில் இனிஷியல் முன்னாடியும் மத்த பேப்பரில் பின்னாடியும் இருந்தா, நாளைக்கு பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) பணம் எடுக்கும்போது அதிலேயே சிக்கும். ஆதாரோட இணைச்ச செல் நம்பரையும் மாத்தாதீங்க, ஓடிபி அதுக்குத்தான் வரும். பழைய வேலையில் யுஏஎன் நம்பர் (பிஎஃப்புக்கான நிரந்தர எண்) இருந்தா அதையே கொடுங்க, புதுசு போட விடாதீங்க.

கோவில்பட்டி: 18,000 சம்பளம்னு சொன்னாங்க. கைக்கு 14,400 சொச்சம்தான் வந்திருக்கு. ஏமாத்துறாங்களா?

ஏமாத்துறாங்கன்னு உடனே சொல்ல முடியாது. உங்ககிட்ட சொன்னது சிடிசி. அதாவது கம்பெனி தன் பங்கா கட்டுற பணமும் அதுக்குள்ளேயே இருக்கு. ஒரு கணக்கு பாருங்க. மொத்தச் சம்பளம் 16,000, அதில் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 12,000. கம்பெனி பக்கம் பிஎஃப் நிர்வாகச் செலவோட 13 சதவீதம், 1,560. இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 3.25 சதவீதம், 520. கூட்டினா 18,080. உங்க பக்கம் பிடிப்பது பிஎஃப் 12 சதவீதம், 1,440, இஎஸ்ஐ 0.75 சதவீதம், 120. மிச்சம் 14,440. கேன்டீன், பஸ் பிடித்தம் இருந்தா இன்னும் குறையும்.

சந்தேகப்பட வேண்டிய இடம் வேற. பே ஸ்லிப்பில் பிஎஃப் பிடிச்சிருக்கும், பிஎஃப் பாஸ்புக்கில் ஏறியிருக்காது. காண்ட்ராக்ட் ஆட்களுக்கு இது நடக்கிறதுண்டு. அரசோட உமங் ஆப்பில் மாசாமாசம் பாருங்க. ஓடிக்கு (ஓவர்டைம்) ரெட்டைச் சம்பளம் தரணும். நாள் கூலி 600, எட்டு மணி நேரம்னா மணிக்கு 75, ஓடி மணிக்கு 150. "இன்சென்டிவ்"னு பேர் வச்சு ஒத்தைக் கணக்கில் போட்டா கேளுங்க.

பரமக்குடி: சேஃப்டி ஷூ கடிச்சு குதிகால்ல கொப்புளம்.

ஷிஃப்ட் முடியுற நேரத்தில் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஸ்டோரில் ஷூவை அந்த நேரத்தில் போட்டுப் பார்த்து வாங்கணும். விரலுக்கும் இரும்பு முனைக்கும் நடுவில் ஒரு விரற்கடை இடம் வேணும். கெட்டியான பருத்தி சாக்ஸ் ரெண்டு ஜோடி வச்சு தினம் மாத்துங்க. குதிகாலில் முன்கூட்டியே பிளாஸ்டர் ஒட்டிடுங்க. கொப்புளத்தை ஊசியால் குத்தாதீங்க.

அருப்புக்கோட்டை (பெண், செல்போன் அசெம்பிளி லைன்): ஸ்டாடிக் கரண்ட் பார்ட்ஸைக் கெடுக்காம இருக்க கையில கட்டுற ஸ்ட்ராப்பை டெஸ்ட் பண்ணா தினமும் சிவப்பு லைட்தான் எரியுது. லைன் லீடர் திட்டுறாங்க.

பெரும்பாலும் ஸ்ட்ராப் கெட்டுப் போயிருக்காது தங்கச்சி. போட்டிருக்கிற கோட்டோட கைத்துணிக்கு மேல கட்டியிருப்பீங்க. உள்பக்கத் தகடு தோலில் நேரா படணும், சுழலாத அளவுக்கு இறுக்கமா இருக்கணும். ஏசியில் தோல் வறண்டு போனாலும் சிவப்பு எரியும். மணிக்கட்டை லேசா ஈரத்துணியால் துடைச்சிட்டு மறுபடி வச்சுப் பாருங்க. அப்பவும் எரிஞ்சா வயரை மாத்தச் சொல்லுங்க, உள்ளே அறுந்திருக்கும்.

நெல்லை: சி ஷிஃப்ட், அதாவது ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா பகல்ல தூக்கமே வரலை.

கடைசி டீ ராத்திரி ரெண்டு மணிக்கு. அதுக்கு மேல குடிச்சா காலை எட்டு மணிக்கும் கண் மூடாது. பஸ்ஸில் அரை மணி நேரம் தூங்கிட்டா ரூமில் தூக்கம் வராது. வெயில் முகத்தில் படாம தொப்பி போட்டு வாங்க. ரெண்டு இட்லி சாப்பிட்டு ஒன்பதுக்குள்ள படுங்க. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. ரூம் பிடிக்கும்போதே ஒரே ஷிஃப்ட் ஆட்களா சேருங்க. மூணு பேர் மூணு ஷிஃப்ட்னா அந்த ரூமில் யாரும் தூங்க மாட்டாங்க. கரண்டுக்கு தனி சப் மீட்டர் இருக்கான்னு கேட்டு, குடி போற அன்னைக்கே ரீடிங்கை போட்டோ எடுத்து வைங்க.

சிவகங்கை: பிரெஸ் மெஷின்ல விரல் நசுங்கிடுச்சு. "ரூம்ல விழுந்தேன்னு சொல்லு, வெளியே டாக்டர்கிட்ட காட்டிக்கலாம்"னு சூப்பர்வைசர் சொல்றார்.

சொல்லாதீங்க. வேலையிடத்தில் அடிபட்டு மூணு நாளாவது வேலைக்குப் போக முடியலைன்னா, இஎஸ்ஐ தினக்கூலியில் 90 சதவீதம் தரும். சேர்ந்து ஒரு நாள்தான் ஆச்சுன்னாலும் தரும். விரல் நிரந்தரமா மடங்காமப் போனா அதுக்கான பணமும் உண்டு. ரூமில் விழுந்ததா எழுதிட்டா அது சாதாரண நோய்க் கணக்கு. 70 சதவீதம்தான், அதுவும் 78 நாள் சந்தா கட்டியிருந்தால்தான். புது ஆளுக்குப் பணமா ஒண்ணும் கிடைக்காது, வைத்தியம் மட்டும்தான். முதலுதவி அறையில் பேர், நேரம், மெஷின் எழுதச் சொல்லுங்க. விபத்துப் பதிவேட்டில் ஏறின பக்கத்தை முடிஞ்சா போட்டோ எடுங்க. பக்கத்து மெஷினில் நின்ன ரெண்டு பேரோட பேரையும் குறிச்சுக்கோங்க.

ராஜபாளையம்: பொங்கலுக்கு ஊருக்கு எப்படிக் கிளம்புறது?

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னாடி காலை எட்டு மணிக்குத் திறக்கும். அன்னைக்கு ஏ ஷிஃப்ட்ல (காலை ஷிஃப்ட்) இருந்தா நண்பர்கிட்ட சொல்லி வைங்க. பஸ்ஸுன்னா கோயம்பேடு போகாதீங்க, தெற்கே போற வண்டிகள் கிளாம்பாக்கத்திலிருந்துதான் கிளம்புது. ஒரகடத்திலிருந்து படப்பை, வண்டலூர் வழியா போயிடலாம். லீவை மட்டும் டிசம்பர் முதல் வாரமே எழுதிக் கொடுத்திடுங்க. லைனில் பாதிப் பேர் அதே நாளைத்தான் கேட்பாங்க.