கப்பல்காரர் பதில்கள்: ஒரே கப்பலில் மூன்று எஸ்போஸிதோ

சென்ற இதழில் உங்கள் பழைய கப்பலில் போசன் (கப்பல் தள ஆட்களின் மேஸ்திரி), சமையற்காரர், மூன்றாம் என்ஜினியர் மூவருக்கும் எஸ்போஸிதோ என்றே பெயர் என்று எழுதியிருந்தீர்கள். அண்ணன் தம்பிகளா? இல்லை, நம் ஊரில் சாதிப் பட்டம் போடுவது மாதிரி ஏதாவதா?
(ஒரு வாசகர், கோவில்பட்டி)

இரண்டும் இல்லை. மூவரும் நேப்பிள்ஸ்காரர்கள், அவ்வளவுதான். ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. என்ஜின் ரூமிலிருந்து போனில் "எஸ்போஸிதோவை அனுப்புங்கள்" என்றால் சில நாள் கையில் கரண்டியோடு சமையற்காரர் வந்து நிற்பார். மற்ற நாளில் "உன்னைத்தான்" என்று ஆளுக்கு ஆள் தள்ளிவிட்டு ஒருவருமே வரமாட்டார்கள்.

இத்தாலியில் ரோஸ்ஸி, ருஸ்ஸோ, ஃபெர்ராரி, பியாங்கி இவற்றோடு மிகப் பரவலான குடும்பப் பெயர்களின் வரிசையில் எஸ்போஸிதோவும் நிற்கிறது. நேப்பிள்ஸில் அதற்குத்தான் முதலிடம். ரோஸ்ஸியும் ருஸ்ஸோவும் யாரோ ஒரு முப்பாட்டனின் செம்பட்டை முடியைச் சொல்பவை. ஃபெர்ராரி என்றால் கொல்லன் வீடு. எஸ்போஸிதோ அப்படி நிறத்தையோ தொழிலையோ சொல்லவில்லை. லத்தீனில் 'எக்ஸ்போஸிதுஸ்', அதாவது வெளியே வைக்கப்பட்டவன். பெற்றவர்கள் விட்டுப்போன குழந்தைக்கு வைத்த பெயர்.

நேப்பிள்ஸின் ஃபோர்செல்லா பக்கம் அன்னுன்சியாத்தா என்று ஒரு கோயில் இருக்கிறது. நம் கத்தோலிக்கர்கள் மங்கள வார்த்தை என்று சொல்வார்களே, மார்ச் 25, அந்தத் திருநாளின் பெயர். 14ஆம் நூற்றாண்டிலிருந்து அங்கே கோயிலோடு ஆஸ்பத்திரியும் அநாதைக் குழந்தைகள் இல்லமும் சேர்ந்தே நடந்தன. தெருவைப் பார்த்த சுவரில் ஒரு துவாரம். அதற்குள் மரத்தாலான உருளை, நிமிர்த்தி வைத்த பீப்பாய் மாதிரி, ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கும். குழந்தையை உள்ளே வைத்துச் சுழற்றினால் திறந்த பக்கம் உட்புறம் போய்விடும். உள்ளே ராத்திரி பகலாக ஒரு பெண் காவல் இருந்து எடுத்துக்கொள்வாள். வைத்தவர் முகத்தை அவள் பார்க்க முடியாது, அவள் முகத்தை வைத்தவர் பார்க்க முடியாது. இதற்குச் சக்கரம் என்றே பெயர், இத்தாலியில் ரூவோத்தா.

ஒரு முறை கப்பல் அங்கே நின்றபோது மூன்றாம் என்ஜினியரே என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். குழந்தையைக் கழுவும் தொட்டியும் பக்கத்திலேயே இருக்கிறது. நான் அதிக நேரம் நிற்கவில்லை.

எடுத்த குழந்தையைப் பதிவேட்டில் எழுதுவார்கள். வந்த நாள், நேரம், உத்தேச வயது, சுற்றியிருந்த துணி எப்படிப்பட்டது, உடம்பில் மச்சம் தழும்பு ஏதாவது, சீட்டு ஏதும் வைத்திருந்தால் அதில் என்ன எழுதியிருந்தது, எல்லாம். பிற்பாடு அம்மாவோ அப்பாவோ தேடி வந்தால் பிள்ளையை அடையாளம் காண வேண்டுமே. பெயர் வைத்து ஞானஸ்நானம் கொடுப்பார்கள். குடும்பப் பெயர் எழுதவேண்டிய இடத்தில் எஸ்போஸிதோ. பிறகு பால் கொடுக்க ஒரு செவிலித்தாய், பல சமயம் வெளியூர்க்காரி.

கல்யாணம் ஆகாத பெண்கள் மட்டும்தான் விட்டுப்போனார்கள் என்று நினைக்க வேண்டாம். ஏற்கெனவே நாலைந்து பிள்ளை இருக்கும் வீட்டில், விளைச்சல் பொய்த்த வருஷத்தில், புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே முடிவு செய்து கொண்டுவந்த குழந்தைகளும் உண்டு. சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்தும் வந்தன. வந்ததில் பெரும்பகுதி பச்சைக் குழந்தையாகவே இறந்துபோனது. தப்பியதில் பெண் பிள்ளைகளுக்குச் சீதனம் கொடுத்துக் கட்டிவைத்தார்கள். பெயர் தகப்பன் வழியே இறங்கியதால், பிழைத்து வளர்ந்து கல்யாணம் செய்துகொண்ட பையன்கள் வழியாகத்தான் அது பெருகியது. அப்படி வடிகட்டிய பிறகும் ஊரிலேயே அதிகமான பெயர் இதுதான் என்றால், அந்தச் சுவருக்குள் போன குழந்தைகள் எத்தனை என்று யோசியுங்கள்.

இப்படி நெற்றியில் ஒட்டின மாதிரி ஒரு பெயரா? அந்தப் பிள்ளைகளுக்கு அவமானமாக இருக்காதா? அரசாங்கம் சும்மாவா இருந்தது?
(ஒரு வாசகி, நாகர்கோவில்)

சும்மா இருக்கவில்லை அம்மா. நெப்போலியனின் தங்கை கணவர் முரா கொஞ்ச காலம் நேப்பிள்ஸுக்கு ராஜாவாக இருந்தார். 1814இல் அவர் ஆட்சியில்தான், இனி எந்தக் குழந்தைக்கும் இந்தப் பெயரை வைக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. அதன்பின் ஒவ்வொரு குழந்தைக்கும் எழுத்தர்கள் புதிது புதிதாகப் பெயர் யோசிக்க வேண்டியதாயிற்று. சக்கரத்தையே 1875இல் மூடினார்கள். பெற்றோர் தெரியாத குழந்தைக்கு அதைக் காட்டிக்கொடுக்கும் பெயர் வைக்கக்கூடாது என்று இன்றைய இத்தாலியச் சட்டமும் சொல்கிறது.

உத்தரவு புதுக் குழந்தைகளுக்குத்தான். அதற்கு முன்பே எஸ்போஸிதோ ஆகி, பிள்ளை குட்டி பெற்றவர்கள் அப்படியே இருந்தார்கள்.

அவமானம் பற்றி நானும் அந்த மூன்றாம் என்ஜினியரிடம் கொஞ்சம் சுற்றி வளைத்துக் கேட்டேன். பம்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். "என் கொள்ளுப்பாட்டனுக்குப் பாட்டன் யாருடைய பிள்ளையென்று எனக்குத் தெரியாது. உன் கொள்ளுப்பாட்டனுக்குப் பாட்டன் பெயர் உனக்குத் தெரியுமா?" என்றார். எனக்குத் தாத்தாவின் அப்பாவுக்கு மேல் தெரியாது. ஸ்பானரை எடுத்துக் கொடுத்தேன்.

அந்தப் பிள்ளைகளை ஊரில் மாதாவின் பிள்ளைகள் என்றுதான் சொல்வார்கள் என்றும் சொன்னார். ஊர் முழுக்க ஒரே பெயராக இருந்தால் யார் யாரைக் கேலி செய்வது என்பது என் எண்ணம். தனியாக ஒரு கிராமத்தில் ஒரே ஒரு எஸ்போஸிதோ இருந்தால் அவர் பாடு வேறாகத்தான் இருந்திருக்கும்.

மற்ற ஊர்களில் விடப்பட்ட குழந்தைகளுக்கும் இதே பெயர்தானா?
(ஒரு வாசகர், மன்னார்குடி)

ஊருக்கு ஒன்று. ரோமில் புரோயெத்தி. பொலோஞ்ஞாவில் தெல்யி எஸ்போஸ்தி. மிலானில் கொலோம்போ, ஏனென்றால் அந்த ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியின் சின்னம் புறா. (இலங்கையின் கொழும்பு நகருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) கொலோம்போ என்று பார்த்ததும் முடிவு கட்டிவிடாதீர்கள். அமெரிக்காவுக்குக் கப்பல் விட்ட கொலம்பஸின் வீட்டுப் பெயரும் அதுதான், அவர் ஜெனோவாவில் துணி நெய்தவரின் மகன். ஸ்பெயினில் எக்ஸ்போஸிதோ என்று நேரடியாகவே உண்டு.

ஃபிளாரன்ஸில் பெயர் கொஞ்சம் கருணையானது: இன்னொசெந்தி, மாசற்றவர்கள். அங்குள்ள குழந்தைகள் இல்லத்தைப் புருனெல்லெஸ்கி வடிவமைத்தார், 1419இல் வேலை தொடங்கி, முதல் குழந்தை 1445இல் வந்தது. முகப்பில் துணியால் இறுகச் சுற்றிய குழந்தைகள், நீலப் பின்னணியில் வெள்ளைச் சுடுமண் உருவங்களாக வரிசையாக இருக்கின்றன. தாய்மார் ஒரு நாணயத்தை இரண்டாக உடைத்து, பாதியைக் குழந்தையோடு வைத்துவிட்டு, பாதியைத் தாங்கள் எடுத்துப்போவார்களாம், என்றாவது வந்து பொருத்திக் காட்டலாம் என்று. அந்தப் பாதிகள் அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இன்னொசெந்தி பெயரை நம் அப்பாக்கள் தலைமுறை தெரியாமலேயே ஓட்டியிருக்கிறது. லாம்பிரெட்டா ஸ்கூட்டர் செய்த கம்பெனியின் முதலாளி டஸ்கனியில் பிறந்த ஃபெர்தினாந்தோ இன்னொசெந்தி. 1970களில் அந்தக் கம்பெனியின் தொழிற்சாலை இயந்திரங்களை லக்னோவுக்கு வாங்கி வந்துதான் விஜய் சூப்பர் ஸ்கூட்டர் செய்தார்கள்.

சரியாக எப்படி உச்சரிப்பது? யூடியூபில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.
(ஒரு கல்லூரி மாணவர், சென்னை)

நேப்பிள்ஸில் 'போ'வில் அழுத்தம்: எஸ்-போ-ஸிதோ. கடல் தாண்டியதும் 'ஸி'யை இழுத்து எஸ்போஸீட்டோ ஆக்கிவிட்டார்கள். 1970-71 சீசனில் 76 கோல் போட்ட ஐஸ் ஹாக்கி வீரர் ஃபில்லையும், கோல்கீப்பரான தம்பி டோனியையும் கனடாவில் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அந்தந்த ஆள் தன்னை எப்படிச் சொல்கிறாரோ அப்படியே சொல்லுங்கள்.

மார்கரீட்டா பீட்சாவைக் கண்டுபிடித்தவரும் ஒரு எஸ்போஸிதோவாமே?
(ஒரு வாசகி, திருப்பூர்)

1889இல் நேப்பிள்ஸுக்கு வந்த ராணி மார்கெரித்தாவுக்கு ரஃபேலே எஸ்போஸிதோ சுட்டுக் கொடுத்தார் என்பது கதை. தக்காளி, மொஸரெல்லா, துளசி போட்ட பீட்சா அதற்கு முன்பே ஊரில் இருந்தது என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். எங்கள் சமையற்காரரிடம் இதைச் சொல்லிவிட்டு அன்று ராத்திரி வெறும் ரொட்டிதான் சாப்பிட்டேன்.