மொபைல் ஹோமில் எர்த்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

அமெரிக்காவில் தொழிற்சாலையில் கட்டி, இரும்புச் சேசிஸோடு இழுத்து வந்து நிறுத்தும் வீடுகளில் பல வருடமாகக் கரண்ட் வேலை பார்க்கிறேன். வந்த கேள்விகளில் உயிர் சம்பந்தப்பட்டதை முதலில் எடுக்கிறேன்.

டெக்சஸில் பழைய மொபைல் ஹோம் வாங்கினோம். மழை நாளில் வெளிச்சுவர்த் தகட்டைத் தொட்டால் சுர்ரென்கிறது.

உடனே வெளிக் கம்பத்து மெயினை அணையுங்கள், பிள்ளைகளை அந்தச் சுவர்ப் பக்கம் விடாதீர்கள், எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை போட வேண்டாம். காரணம் பல இருக்கலாம், நான் அடிக்கடி பார்ப்பது உள் பேனலில் (வீட்டுக்குள் இருக்கும் பிரேக்கர் பெட்டியில்) நியூட்ரல் கம்பிகள் மாட்டும் பட்டையான நியூட்ரல் பாரையும், எர்த் கம்பிகள் மாட்டும் எர்த் பாரையும் சேர்க்கும் பச்சை ஸ்க்ரூ. பேனல் மாற்றியவர் வழக்கமான வீடு என்று நினைத்து அதை முறுக்கிவிட்டுப் போயிருப்பார். இந்த வீடுகளுக்கு சர்வீஸ், அதாவது கரண்ட் வந்து சேரும் மெயின் பெட்டி, பெரும்பாலும் வெளியே, சுவரிலிருந்து 30 அடிக்குள், கண்ணில் படும்படி இருக்கும். நியூட்ரலும் எர்த்தும் அங்கே மட்டும்தான் சேர வேண்டும். உள்ளேயும் சேர்த்தால் நியூட்ரலில் திரும்ப வேண்டிய கரண்டில் ஒரு பங்கு சேசிஸிலும் தகட்டிலும் ஓடும், வழியில் நியூட்ரல் கழன்றுவிட்டாலோ வீட்டின் இரும்பு முழுக்க லைவ். வெளி மெயினிலிருந்து உள் பேனலுக்கு இரண்டு லைவ், நியூட்ரல், எர்த் என்று நாலு கம்பி கேட்பது இதனால்தான்.

சேசிஸ் பக்கத்தில் இன்னொரு எர்த் ராடு அடித்தால் சரியாகிவிடும் என்கிறார்களே?

ஆகாது. ராடுக்கும் மண்ணுக்கும் 25 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 120 வோல்ட் கசிந்தால் ஓடுவது 4.8 ஆம்பியர், 20 ஆம்பியர் பிரேக்கர் விழவே விழாது, சேசிஸ் அப்படியே லைவாக நிற்கும். பிரேக்கரை விழ வைப்பது பேனலுக்குத் திரும்பும் எர்த் கம்பி, மண் இல்லை. ராடு மின்னலுக்கு வேண்டும், அது வேறு வேலை.

எங்களுடையது டபுள் வைடு, இரண்டு பாதியாக இழுத்து வந்து ஒன்றாகச் சேர்த்த வீடு. இரண்டு சேசிஸுக்கும் தனித்தனியாகவா?

இரண்டையும் 8 கேஜ் செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். அடியில் படுத்துப் பாருங்கள், வீட்டை நிறுத்தியவர்கள் சில நேரம் விட்டுவிடுகிறார்கள், இல்லையென்றால் துருவைச் சுரண்டி இறுக்கமாக மாட்டச் சொல்லுங்கள்.

தண்ணீர்க் குழாய் பிளாஸ்டிக், அதற்கும் பாண்டிங் (எர்த்தோடு கம்பியால் இணைப்பது) வேண்டுமா?

பிளாஸ்டிக்குக்கு வேண்டாம். இரும்பு கேஸ் பைப்புக்கும் ஏசி டக்ட்டுக்கும் வேண்டும்.

துணி உலர்த்தும் பழைய டிரையரின் மூன்று முள் கார்டு போதுமா?

இந்த வீடுகளில் போதாது. நாலு முள் கார்டு போட்டு, பின்பக்க மூடியைக் கழற்றி, நியூட்ரலை டிரையரின் இரும்பு உடம்போடு இணைக்கும் பட்டையை எடுத்துவிடுங்கள். கார்டை மட்டும் மாற்றிப் பட்டையை விட்டுவிட்ட வீடு போன மாதம்கூட ஒன்று பார்த்தேன்.